திருப்பிப் போடாத துணி

யுத்தம் நடந்த வருஷங்களில் நான் ஒரு விமான மைதானத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் பெரிதாக எதையோ கற்பனை செய்துகொள்கிறார்கள். அங்கே இருந்ததெல்லாம் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற சாலையை விட்டு உள்ளே தள்ளி, சரளை கொட்டி உருளை ஓட்டிய ஒரு நீண்ட மண் தரை, ஒரு கீற்றுக் கொட்டகை, பெட்ரோல் பீப்பாய்கள், ஒரு கம்பம். வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ சின்ன விமானங்கள் மெட்ராஸ் பக்கமிருந்து வரும். பெட்ரோல் போட்டுக்கொண்டு தெற்கே போகும். சில வாரங்களில் ஒன்றுகூட வராது.

அந்தத் தரைக்குள் எங்கள் புஞ்சையும் நாலு ஏக்கர் போயிருந்தது. பள்ளி இறுதி வகுப்பு தேறியிருந்தேன், இங்கிலீஷ் பேச வரும். நிலத்தை எடுத்துக்கொண்டவர்கள் என்னை அங்கேயே வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். எனக்கு உதவியாளாக ஒருவரைப் போட்டார்கள். அதே புஞ்சையில் எங்களுக்கு ஏர் ஓட்டிக்கொண்டிருந்தவர்தான். சேரிக்காரர். என் சித்தப்பா வயது இருக்கும். அவர் என்னை 'ஆண்டே' என்பார். நான் அவரை 'வாடா, போடா' என்பேன். அது அப்போது எனக்கு ஒரு விஷயமாகவே தெரியவில்லை. இப்போது இதை எழுதும்போது 'அவர்' என்று போட்டுக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை.

எங்கள் வேலையில் முக்கியமானது ஒன்றே ஒன்று. விமானம் எப்போதும் காற்றை எதிர்த்துத்தான் இறங்க வேண்டும். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று மேலே இருப்பவருக்குத் தெரிவதற்காக, தரையோரமாக இரண்டு வெள்ளைக் கித்தான் துணிகளைப் போட்டு வைப்போம். ஒன்று நீளத் துணி. அதன் ஒரு முனையில் இன்னொன்றைக் குறுக்காகப் போட்டால் இங்கிலீஷ் 'டி' எழுத்து மாதிரி இருக்கும். குறுக்குத் துணி இருக்கிற பக்கத்தை நோக்கி இறங்கு என்று அர்த்தம். காற்று திசை மாறினால், குறுக்குத் துணியை மட்டும் எடுத்துக்கொண்டு போய் மறுமுனையில் போட வேண்டும். மூலைக்கு ஒன்றாக நாலு கல். பத்துப் பன்னிரண்டு எட்டு நடை. அவ்வளவுதான்.

கம்பத்தில், காற்றின் திசை காட்ட, ஒரு காற்றுப் பையும் பறந்துகொண்டிருந்தது. அந்த வருஷ ஆனிக் காற்றில் அது கிழிந்து போயிற்று. புதிது கேட்டு எழுதிப் போட்டேன், வரவில்லை. ஆக, மேலே இருந்து பார்ப்பவருக்கு அந்தத் துணி ஒன்றுதான் கண்.

ஆவணி மாதம். எனக்குப் பெண் நிச்சயமாகியிருந்தது. திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் பெண் வீடு. அன்றைக்குப் பெண்ணின் அண்ணன், மாப்பிள்ளை என்ன உத்தியோகம் பார்க்கிறான் என்று நேரில் பார்த்துப் போகலாமென்று பஸ் பிடித்து வந்திருந்தார். மத்தியானச் சாப்பாட்டைக் கொட்டகையிலேயே முடித்துக்கொண்டு, அவரைக் கூட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றிக் காட்டினேன். பீப்பாய்களைக் காட்டினேன். வருகிறவர்கள் கையெழுத்துப் போடுகிற புத்தகத்தைக் காட்டினேன். கடைசியாகத் துணியருகே கொண்டுபோய் நிறுத்தினேன்.

"இத நாம எப்டிப் போடறமோ அப்டித்தான் மேல இருக்கறவன் எறங்கணும். தொரையே வந்தாலும் நான் காட்டற பக்கந்தான்" என்றேன்.

அவர் "அடேயப்பா!" என்றார். நிஜமாகவே மதிப்போடுதான் சொன்னார்.

சற்றுத் தள்ளி, சரளையில் முளைத்த புல்லைச் செதுக்கிக்கொண்டிருந்த என் ஆள் எழுந்து வந்தார். மண்வெட்டியைத் தரையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஆண்டே, காத்து திரும்பிக்கினு வந்துடுச்சி. கடல் காத்து. துணிய மாத்திப் போட்டுடட்டுங்களா?"

அவர் சொன்னது சரி. காலையெல்லாம் மேல்காற்று அடித்தது. மத்தியானத்துக்கு மேல் கிழக்கேயிருந்து கடல் காற்று வந்து அதைத் தள்ளிவிடும். பல நாட்களில் அப்படி நடப்பதுதான். அதே மண்ணில் எத்தனையோ வருஷம் கேப்பை தூற்றியவர் அவர். காற்று முதுகில் பட்டதுமே தெரிந்திருக்கும். எனக்கும் அந்தக் கணத்தில் தெரிந்தது. என் வேட்டி நுனி மேற்கே பறந்துகொண்டிருந்தது.

ஆனால் இப்போதுதான் ஒரு பெரிய வித்தையைப் போல நான் விளக்கி முடித்திருந்தேன். வாய் மூடுவதற்குள், ஒரு எழுத்து தெரியாத ஆள், பெண் வீட்டுக்காரர் முன்னால், எனக்கு ஞாபகப்படுத்துகிறான் என்று பட்டது. காது மடலெல்லாம் சூடாயிற்று.

"எனக்குத் தெரியாதா? நீ சொல்லித்தான் நான் செய்யணுமா? போடா, போய் வேலையப் பாரு."

அவர் உடனே போகவில்லை. "இல்ல ஆண்டே, வண்டி எதுனா வந்துச்சின்னா..." என்று இழுத்தார்.

"வந்தா பாத்துக்கலாம். போடா."

போய்விட்டார். பெண்ணின் அண்ணன் சிரித்தார். "ஆளுங்கள இப்டித்தான் வெக்கணும்" என்றார். எனக்கு அது திருப்தியாக இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

பெண்ணின் அண்ணன் கண்முன்னால் உடனே குனிந்து துணியை மாற்றுவது எனக்கு அவமானமாகத் தோன்றியது. கொஞ்சம் பொறுத்து, நானாகவே கண்டுபிடித்ததுபோல மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கொட்டகைக்குத் திரும்பி வந்து நிழலில் நின்று கல்யாணப் பேச்சு பேசிக்கொண்டிருந்தோம். கால் மணி நேரம் ஆகியிருக்காது. வடக்கே சத்தம் கேட்டது.

மஞ்சள் பூசிய சின்ன விமானம். இரண்டு பேர் உட்காரக்கூடியது. மைதானத்துக்கு மேலே வந்து ஒரு முழு வட்டம் சுற்றியது. துணியைப் பார்ப்பதற்காகத்தான் சுற்றுகிறார் என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு சுற்றுக்குள் நான் ஓடிப்போய்க் கல்லைத் தள்ளித் துணியை இழுத்திருக்கலாம். நேரம் இருந்தது. நான் தள்ளி நின்று பெண்ணின் அண்ணனுக்கு விமானத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். காற்று லேசாகத்தானே இருக்கிறது, ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். லேசாக இல்லை. கொட்டகைக் கீற்று படபடத்துக்கொண்டிருந்தது.

விமானம் கிழக்கே போய்த் திரும்பி, என் துணி சொன்னபடியே மேற்கு முகமாக இறங்கி வந்தது. காற்று அதை முதுகில் பிடித்துத் தள்ளியது. வழக்கமாக வருவதைவிட வேகம் அதிகம், உயரமும் அதிகம் என்று எனக்கே தெரிந்தது. ஓட்டுகிறவர் மூக்கைக் கீழே சாய்த்தார். வேகம் இன்னும் கூடியது. தரையின் விளிம்புக்கு வருவதற்குள் அவருக்கும் ஏதோ புரிந்திருக்க வேண்டும். இன்ஜின் திடீரென்று அலறியது. மூக்கை மேலே தூக்கிக்கொண்டு, ஒரு பக்கமாகத் திரும்பி விலகப் பார்த்தார். அப்படித் திரும்பும்போதே இடது இறக்கை கீழே தொங்கிப்போயிற்று. அதற்குமேல் அது பறக்கவில்லை. விழுந்தது. மைதானத்துக்கு வெளியே, மல்லாட்டைக் கொல்லையில், வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே.

சத்தம் நான் நினைத்த அளவு பெரிதாக இல்லை. பெரிய மரப்பெட்டியை மேலிருந்து போட்டது மாதிரி இருந்தது. புழுதி எழும்பியது. பிறகு புகை.

என் ஆள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினார். பெண்ணின் அண்ணன் "ஐயோ ஐயோ" என்று கத்திக்கொண்டு அவர் பின்னால் ஓடினார். நானும் ஓடினேன். ஆனால் அந்தப் பக்கம் இல்லை.

நான் துணியிடம் ஓடினேன். நாலு கல்லையும் காலால் தள்ளினேன். குறுக்குத் துணியை இழுத்துக்கொண்டு போய் மறுமுனையில் போட்டேன். கல்லையெல்லாம் பொறுக்கி வந்து மூலைக்கு ஒன்றாக வைத்தேன். ஒரு மூலை சுருங்கியிருந்தது, அதை நீவிச் சரி செய்தேன். துணி கிடந்த பழைய இடத்தில் புல் வெளுத்துத் தெரிந்தது. அதைச் செருப்புக் காலால் தேய்த்துக் கலைத்தேன். ஒரு மனுஷன் எரிந்துகொண்டிருக்கும்போது நான் செய்தது இது. இத்தனை வருஷத்தில் யாரிடமும் இதைச் சொன்னதில்லை, மனைவியிடமும்.

பிறகுதான் கொல்லைக்குப் போனேன். என் ஆள் அதற்குள் அந்த மனுஷரை வெளியே இழுத்துப் போட்டிருந்தார். கொஞ்ச தூரத்தில் விமானம் எரிந்துகொண்டிருந்தது. மல்லாட்டைச் செடிகளின் மேல் மல்லாந்து கிடந்தவர் வெள்ளைக்காரர் அல்ல. நம்மவர். எனக்கு ஒன்றிரண்டு வயது மூத்தவராக இருக்கலாம். உயிர் போய்விட்டிருந்தது. ஒரு காலில் பூட்ஸ் இருந்தது, இன்னொரு கால் வெறுமையாக இருந்தது. என் ஆள் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தார். உள்ளங்கைத் தோல் கழன்று தொங்கியது. பெண்ணின் அண்ணன் வரப்பில் குந்தி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு அன்றைய நாளில் அந்தச் சாவு மட்டும்தான் கடைசி வரை நினைவிருந்தது. துணி எந்தப் பக்கம் கிடந்தது என்பதெல்லாம் அவர் மனசில் பதியவே இல்லை.

நாலைந்து நாள் கழித்து மெட்ராஸிலிருந்து மூன்று அதிகாரிகள் விசாரிக்க வந்தார்கள். மூவரும் வெள்ளைக்காரர்கள். துணி சரியான பக்கம் கிடந்தது என்பதை அன்றே வந்த போலீஸ்காரர் எழுதி வைத்திருந்தார். காற்று மாறியதும் துணியை மாற்றிவிட்டோம், விமானி கவனிக்கவில்லை என்று நான் சொன்னேன். குரல் நடுங்கவில்லை. பிறகு என் ஆளைக் கூப்பிட்டார்கள். கைகளில் வாழையிலை வைத்துக் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, அவர்களுக்குத் தமிழ் தெரியாது. இடையில் நான்தான்.

"துணியைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று கேள்" என்றார் பெரிய அதிகாரி. கேட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்க்காமல், அதிகாரியைப் பார்த்துச் சொன்னார். "காத்து மாறிடுச்சின்னு ஆண்டே கிட்ட நான் சொன்னேன் சாமி. மாத்தட்டுமான்னு கேட்டேன். அப்புறமா பாத்துக்கலாம்னாரு. மாத்தல சாமி. அப்பத்தான் வண்டி வந்துச்சி."

நான் அதிகாரிகளிடம் இங்கிலீஷில் சொன்னேன்: "காற்று மாறியதை இவன் என்னிடம் சொன்னான். இரண்டு பேருமாகத் துணியை மாற்றினோம். அதன் பிறகுதான் விமானம் வந்தது என்கிறான்."

அதிகாரி தலையாட்டினார், எழுதிக்கொண்டார். என் ஆளிடம் திரும்பி, "நல்ல மனிதன்" என்று அவர் தோளைத் தட்டினார். தான் சொன்ன உண்மை தாளில் ஏறிவிட்டது என்று நம்பிக்கொண்டு அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

தரையில் காட்டிய அடையாளத்தை விமானி பார்க்கத் தவறிவிட்டார் என்று முடிவாயிற்று. எனக்கு ஒரு கேள்வியும் வரவில்லை. அடுத்த மாதமே புதுக் காற்றுப் பை வந்து சேர்ந்தது.

அதற்குச் சில நாளுக்குப் பிறகு ஒரு பெரியவர் திண்டிவனம் ஸ்டேஷனில் இறங்கி, குதிரை வண்டி வைத்துக்கொண்டு மைதானத்துக்கு வந்தார். முழுக்கைச் சட்டை, தோளில் துண்டு, கையில் குடை. இறந்துபோன பிள்ளையின் அப்பா. எப்படிப் பேசுவதென்று தெரியாமல் நான் கையெழுத்துப் புத்தகத்தை எடுத்து நீட்டினேன். அவர் மறுக்காமல் பேரும் விலாசமும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு, பிள்ளை விழுந்த இடத்தைக் காட்டச் சொன்னார். காட்டினேன். செடிகள் கருகிய இடத்தில் வெகுநேரம் நின்றார். திரும்பி வந்ததும் துணியைக் காட்டச் சொன்னார். அதையும் காட்டினேன். குனிந்து அந்தக் கித்தானைத் தொட்டுப் பார்த்தார்.

"தம்பி, நான் ரயில்வேயில ஸ்டேஷன் மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். கைகாட்டி மரத்துக்குக் கீழதான் என் பிள்ளை வளர்ந்தான். சிக்னலைப் பார்க்காம வண்டி ஓட்டற பிள்ளை இல்லை அவன். காகிதத்துல பார்க்கலைன்னுதான் எழுதியிருக்காங்க. எனக்கு மனசு ஒப்பலை. நீங்க பக்கத்துல இருந்தவர். சொல்லுங்க, துணி சரியாத்தான் இருந்துதா?"

"இருந்துதுங்க ஐயா" என்றேன்.

"நிச்சயமா?"

"நிச்சயமாங்க."

குடையை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார். பிறகு, "அவனை வெளியே இழுத்தது யாரோ ஒரு ஆளாமே. அவரைப் பார்க்கணும். அவன் ஏதாவது சொன்னானா, கடைசியில ஒரு வார்த்தை... அதைக் கேட்டுட்டுப் போகணும்னுதான் முக்கியமா வந்தேன்" என்றார்.

என் ஆள் அப்போது கைக்காயத்தோடு சேரியில் படுத்திருந்தார். மைதானத்திலிருந்து கூப்பிடு தூரம். கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் இவர் தமிழில் கேட்பார், அவர் தமிழில் பதில் சொல்வார். நடுவில் நான் வேண்டியிருக்காது.

"அந்த ஆளு இப்ப இங்க இல்லீங்க ஐயா. வேலைய விட்டுட்டு எங்கியோ போய்ட்டான். உங்க பிள்ள ஒண்ணும் பேசலீங்க. விழுந்ததுமே உயிர் போய்டுச்சி" என்றேன்.

அவர் தலையை மெல்ல ஆட்டினார். "வேதனைப்படலையே, அது போதும்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். வண்டி சாலைக்குப் போய்த் திரும்புகிறவரை நான் அங்கேயே நின்றேன். 'ஐயா' என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், வண்டி நின்றிருக்கும்.

யுத்தம் முடிந்ததும் மைதானத்தை மூடிவிட்டார்கள். நிலம் திரும்ப எங்களிடம் வந்தது. என் கல்யாணம் ஆகி, விழுப்புரத்தில் ஒரு பஸ் கம்பெனி ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தேன். சுதந்திரம் வந்து சில மாதங்கள் ஆகியிருக்கும். ஒரு நாள் காலையில் பார்சல் விஷயமாக விழுப்புரம் ஜங்ஷன் கூட்ஸ் ஷெட்டுக்குப் போனேன். மல்லாட்டை மூட்டை ஏற்றுகிறவர்களுக்கு நடுவே அவர் இருந்தார். மற்றவர்கள் கொக்கி போட்டு மூட்டையைத் தூக்கினார்கள். அவருக்கு விரல்கள் மடங்கவில்லை. யாராவது தூக்கி முதுகில் வைத்தால் சுமந்துகொண்டு போனார்.

என்னைக் கண்டதும் சிரித்துக்கொண்டு வந்தார். "நல்லாக்கீறீங்களா ஐயா?" என்றார். 'ஆண்டே' போய் 'ஐயா' ஆகியிருந்தது. எனக்குப் பழைய மாதிரி 'என்னடா' என்று வாய் வரவில்லை. வேறு எதுவும் சட்டென்று வரவில்லை. "எப்ப வந்தது... இங்க?" என்று மொட்டையாகக் கேட்டேன்.

டீக்கடைக்குக் கூப்பிட்டேன், வந்தார். டம்ளரை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துப் பிடித்துக் குடித்தார். குடித்து முடித்துவிட்டு, "உங்க கிட்ட ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா நெனச்சிக்கினு இருந்தேங்க" என்றார்.

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அன்னிக்குத் தொரைங்க முன்னால, நீங்க துணிய மாத்தலன்னு நான் சொல்லிப்புட்டேன். கல்யாணம் ஆவப் போற புள்ளயக் காட்டிக் குடுத்துட்டமேன்னு அப்புறம் மனசு உறுத்திக்கினே இருந்துச்சி. ஆனா நீங்க அத்த அப்டியே தொரை கிட்ட சொன்னீங்களே. உங்க மேலயே பழி வர்றத உங்க வாயாலயே சொன்னீங்க. வேற யாருனா சொல்லுவாங்களா? மன்னிச்சிக்கோங்க ஐயா."

அவர் முகத்தில் கேலி இல்லை. நான் தேடிப் பார்த்தேன், இல்லை. அந்த இடத்திலாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். "அதெல்லாம் இப்ப எதுக்கு, விடுங்க" என்றேன். 'விடுங்க' என்று அவரிடம் மரியாதையாக நான் பேசிய முதல் வார்த்தை, ஒரு பொய்யை மூடுவதற்காக வந்தது.

பேச்சை மாற்றுவதற்காகத்தான் கேட்டேன். "அந்த ஆளு... அந்தப் பைலட்... எதுனா பேசினாரா?"

"பேசினாருங்களே" என்றார். "தமிழ்லதான். எனக்கு அப்பத்தான் தெரியும் நம்ம ஆளுன்னு. 'பூட்ஸக் கழட்டு, கால் எரியுது, பூட்ஸக் கழட்டு'ன்னாரு. ஒண்ணக் கழட்டினேன். இன்னொண்ணுல கயிறு முடிச்சி இறுகிப் போச்சி. என் கை வெந்து போச்சா, புடிக்க வரல. பல்லால கடிச்சிப் பாத்தேன். அதுக்குள்ள அடங்கிட்டாரு. அந்த ஒண்ண மட்டும் கழட்டி இருந்தேன்னா கொஞ்சம் ஆறுதலாப் போயிருப்பாரு. அதான் எனக்கு இன்னும் ஆற மாட்டேங்குது."

நான் சிகிச்சைக்குக்கூடக் கூட்டிப் போகாத கைகள் அவை. இரண்டும் டீக்கடை பெஞ்சின் மேல் கிடந்தன.

அந்த வாரம் நான் பெரியவருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். மைதானத்தை மூடியபோது அந்தக் கையெழுத்துப் புத்தகத்தை நான்தான் எடுத்து வந்திருந்தேன், விலாசம் அதில் இருந்தது. முதலில் துணியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் எழுதினேன். மூன்று பக்கம் வந்தது. இரண்டு நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்துவிட்டுக் கிழித்துப் போட்டேன். பிறகு வேறொன்று எழுதினேன். காணாமல் போயிருந்த அந்த ஆளை இப்போதுதான் கண்டுபிடித்தேன், உங்கள் பிள்ளை கடைசியில் பேசியிருக்கிறார், பேசியது இது, ஒரு பூட்ஸை அந்த ஆள் கழற்றினார், இன்னொன்றைக் கழற்றப் பல்லால்கூட முயன்றார், இன்னார் இன்ன இடத்தில் இருக்கிறார் என்று மட்டும் எழுதினேன். துணியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அதைத் தபாலில் போட்டேன்.

பத்து நாளில் கார்டு வந்தது. கை நடுங்குகிறவர் எழுத்து. கடிதத்தைத் தன் மனைவிக்குப் படித்துக் காட்டியதாகவும், அந்த அம்மாள் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னதாகவும் எழுதியிருந்தார். பூட்ஸைக் கழற்றிய அந்த மனிதரை நேரில் வந்து பார்க்க உடம்பு இடம் கொடுக்கவில்லை, என் சார்பில் அவர் கைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார். இத்தனை காலம் கழித்தும் சிரமம் எடுத்துத் தேடிச் சொன்ன உங்கள் குணம் பெரிது, உங்கள் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும் என்றும் இருந்தது. கடைசியில் இடமில்லாமல் ஓரத்தில் நுணுக்கி எழுதியிருந்தார்: "சிக்னல் விஷயமாக அன்று உங்களைத் துருவிக் கேட்டதற்கு மன்னிக்க வேண்டும். இவ்வளவு நல்லவர் பொய் சொல்லியிருக்க மாட்டீர்கள். என் பையன் கவனக்குறைவாகத்தான் இருந்திருக்கிறான். இனி நான் யாரையும் கேட்கப் போவதில்லை."

கார்டை எடுத்துக்கொண்டு கூட்ஸ் ஷெட்டுக்குப் போனேன். அவருக்குப் படித்துக் காட்டினேன், ஓரத்தில் இருந்ததைத் தவிர. அவர் அழுதார். கைகளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னதை நான் செய்யவில்லை. சுற்றி ஆட்கள் இருந்தார்கள்.